டி செல் எதைப் பார்க்கிறது? – பீட்டர் டோஹர்ட்டியும் ஒரு கேள்வியின் வரலாறும்

ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால், பெற்றுக்கொண்டவரின் உடல் அதை அயலான் என்று கண்டு அழிக்க முற்படும். இதற்குக் காரணம் நம் செல்களின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்கள். ஆளுக்கு ஆள் அவை வேறுபடுகின்றன. லண்டனில் பீட்டர் கோரர் 1930களில் எலிகளில் இவற்றை முதலில் கண்டார். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜார்ஜ் ஸ்னெல் அவற்றின் மரபணுக்களைப் பிரித்தறிந்தார். 1958இல் பாரிசில் ழான் தோசே மனிதரிடமும் அத்தகைய புரதத்தைக் கண்டறிந்தார். எலிகளில் உள்ள தொகுதிக்கு எச்-2 என்றும் மனிதரில் உள்ளதற்கு எச்.எல்.ஏ. என்றும் பெயர். பொதுவாகத் திசுப் பொருத்தப் புரதங்கள் என்று சொல்லிவைப்போம்.

இங்கே ஒரு புதிர் உண்டு. ஒருவரின் உறுப்பை இன்னொருவருக்குத் தைத்துப் பொருத்துவது மனிதன் அண்மையில் கற்றுக்கொண்ட வித்தை. இப்புரதங்களோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக முதுகெலும்புள்ள விலங்குகளில் இருந்து வருகின்றன. அறுவை மருத்துவர்களுக்குத் தொல்லை தருவதற்காக இயற்கை இவற்றை ஆக்கியிருக்க முடியாது. அப்படியானால் இவற்றின் உண்மையான வேலை என்ன? ஏன் இத்தனை வேறுபாடுகள்? 1970களின் தொடக்கம் வரை இதற்கு நிறைவான விடை இல்லை.

விடை வந்த இடம் எதிர்பாராதது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், இட நெருக்கடியால் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்ட இருவரிடமிருந்து அது வந்தது. ஒருவர் கால்நடை மருத்துவர். மற்றவர் அறுவை சிகிச்சைப் பிரிவில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு ஆய்வுக்கு வந்த சுவிட்சர்லாந்து மருத்துவர்.

*

பீட்டர் டோஹர்ட்டி 1940இல் பிரிஸ்பேனில் பிறந்தவர். இலக்கியத்திலும் வரலாற்றிலும் ஈடுபாடு கொண்ட இளைஞர். ஹக்ஸ்லியையும் சார்த்தரையும் ஹெமிங்வேயையும் படித்துக்கொண்டிருந்த பருவத்தில், கால்நடை மருத்துவக் கல்லூரி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஒரு நாளில் அங்கே போனார். அவருடைய திசை மாறியது. கால்நடைகளின் நோய்களைக் குறைத்தால் பசித்த உலகுக்கு உணவு கிடைக்கும் என்ற எண்ணமும் அவரை உந்தியது. 1962இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் அரசின் கால்நடை ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார்.

பிறகு ஸ்காட்லாந்து. எடின்பரோவின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தில், உண்ணிகள் பரப்பும் ஒரு வைரஸ் செம்மறி ஆடுகளின் மூளையில் உண்டாக்கும் அழற்சியை ஆராய்ந்து 1970இல் முனைவர் பட்டம் பெற்றார். மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வாசிக்கவும், தண்டுவட நீரை எடுத்து அதில் மிதக்கும் செல்களை ஆராயவும் அங்கே பழகினார். கான்பெராவின் ஜான் கர்ட்டின் மருத்துவ ஆய்வுப் பள்ளிக்கு அவர் வந்தபோது கையில் இருந்த முதலீடு இந்தப் பழக்கம்தான்.

ஆஸ்திரேலியாவுக்கு அப்போதே நோயெதிர்ப்பியலில் வலுவான மரபு இருந்தது. ஒவ்வொரு எதிர்ப்புச் செல்லும் ஒரே ஓர் இலக்கை மட்டும் அறியும். இலக்கைச் சந்தித்த செல் பல்கிப் பெருகும் என்ற கருத்தை மெல்பர்னின் மெக்பார்லேன் பர்னெட் 1957இல் முன்வைத்திருந்தார். சிட்னியில் மருத்துவம் பயின்று லண்டனுக்குச் சென்ற ஜாக் மில்லர், நெஞ்செலும்பின் பின்னே இருக்கும் தைமஸ் சுரப்பியே எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையை உருவாக்குகிறது என்பதை 1961இல் காட்டினார். அவை பின்னாளில் டி செல்கள் என்று பெயர் பெற்றன. ஆன்டிபாடிகளைச் சுரக்கும் பி செல்களும் இந்த டி செல்களும் வேறு வேறு என்பது 1960களின் இறுதியில் உறுதியானது.

ஆன்டிபாடி எதைப் பார்க்கிறது என்பது ஓரளவு தெரிந்திருந்தது. குருதியில் மிதக்கும் வைரஸையோ நச்சையோ அது அப்படியே பற்றிக்கொள்கிறது. டி செல் எதைப் பார்க்கிறது? அதுவும் வைரஸைத்தான் பார்க்கிறது என்று பெரும்பாலோர் எண்ணியதில் வியப்பில்லை.

*

1973இன் தொடக்கத்தில் ரோல்ஃப் ஸிங்கர்நாகல் கான்பெராவுக்கு வந்து சேர்ந்தார். வயது 29. பாசல் நகரில் மருத்துவம் படித்தவர். லோசானில் பயிற்சி பெற்றபோது ஓர் அளவீட்டு முறையைக் கற்றிருந்தார். செல்களுக்குள் கதிரியக்கக் குரோமியம்-51ஐ ஏற்றிவிட்டு, அவை கொல்லப்படும்போது வெளியே கசியும் குரோமியத்தை அளப்பது அந்த முறை. எவ்வளவு கசிகிறதோ அவ்வளவு செல்கள் மாண்டன. எளிய கணக்கு. கான்பெராவில் இடம் போதாமல் அவரை டோஹர்ட்டியின் ஆய்வறையில் சேர்த்தனர்.

டோஹர்ட்டி அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது எல்.சி.எம். எனப்படும் மூளையுறை அழற்சி வைரஸ். இது விந்தையான வைரஸ். வளர்ந்த எலியின் மூளைக்குள் இதைச் செலுத்தினால் ஒரு வாரத்திற்குச் சற்று மேலாக எலி இறந்துவிடும். ஆனால் எலியின் எதிர்ப்பாற்றலை முன்கூட்டியே அடக்கிவிட்டால், வைரஸ் பெருகினாலும் எலி பிழைத்துக்கொள்ளும். கருவிலேயே இவ்வைரஸைப் பெற்ற எலிகள் வாழ்நாள் முழுதும் அதைச் சுமந்து நடமாடுகின்றன. அதாவது எலியைக் கொல்வது வைரஸ் அல்ல. வைரஸை ஒழிக்க வந்த டி செல்களே மூளையுறையில் திரண்டு எலியைக் கொல்கின்றன.

இருவரின் திறமைகளும் இங்கே பொருந்தின. நோயுற்ற எலியின் தண்டுவட நீரிலிருந்து டி செல்களை எடுக்க டோஹர்ட்டிக்குத் தெரியும். அவை கொல்கின்றனவா என்று அளக்க ஸிங்கர்நாகலுக்குத் தெரியும். வைரஸ் தொற்றிய செல்களோடு அந்த டி செல்களைச் சேர்த்தார்கள். குரோமியம் கசிந்தது. மூளைக்குள் நிகழும் அழிவைக் கண்ணாடிக் குழியில் அளந்தாகிவிட்டது.

அதே ஆண்டில் கலிபோர்னியாவின் ஓல்ட்ஸ்டோன், மெக்டெவிட் முதலியோர், எலிகள் இந்நோய்க்கு ஆளாகும் அளவு அவற்றின் எச்-2 வகையைப் பொறுத்திருக்கிறது என்று தெரிவித்தனர். நோயை உண்டாக்குவது டி செல்கள்தான் என்றால், கடுமையாக நோயுறும் எலிகளின் டி செல்கள் அதிகமாகக் கொல்லவேண்டும் அல்லவா? இதைச் சோதிக்க இருவரும் பல வம்ச எலிகளுக்கு வைரஸைச் செலுத்தினார்கள். பின் அவற்றின் டி செல்களை ஒரே வகை இலக்குச் செல்களோடு சேர்த்தார்கள். ஆய்வகங்களில் பல்லாண்டுகளாக வளர்க்கப்பட்டுவந்த எல் செல்களே அந்த இலக்கு. அவை சி3எச் என்ற வம்சத்து எலியிலிருந்து வந்தவை. அதன் எச்-2 வகை 'கே'.

முடிவு கூடுதல், குறைவு என்று வரவில்லை. உண்டு, இல்லை என்று வந்தது. 'கே' வகை எலிகளின் டி செல்கள் இலக்கைக் கொன்றன. பிற வகை எலிகளின் டி செல்கள், அந்த எலிகளும் அதே வைரஸால் அதேபோல் நோயுற்றிருந்தபோதிலும், இலக்கைத் தொடவில்லை. பெற்றோரில் ஒருவர் 'கே' வகையாக இருந்த கலப்பின எலிகளின் டி செல்கள் கொன்றன. இலக்குச் செல்லை மாற்றி, வேறு எச்-2 வகைச் செல்லை வைத்தபோது முடிவும் தலைகீழானது.

வைரஸ் ஒன்றுதான். தொற்றும் ஒன்றுதான். ஆனால் தன் வகைச் செல்லில் அமர்ந்த வைரஸை மட்டுமே டி செல் அறிகிறது. அயல் வகைச் செல்லில் அதே வைரஸ் இருந்தால் அதற்குக் கண் தெரிவதில்லை.

1974 ஏப்ரலில் நேச்சர் இதழில் இது வெளியானது. இரண்டே பக்கங்கள்.

*

இம்மாதிரி முடிவு கிடைக்கும்போது, சோதனையில் ஏதோ தவறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஒரே இலக்குச் செல்லையும் ஒரே வம்ச எலியையும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்த முடிவு கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. இருவரும் தேடியது வேறொன்று. கிடைத்ததைத் தேடியதைவிடப் பெரிது என்று உடனே உணர்ந்ததே அவர்களுடைய திறம். 1974, 75 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினர். கான்பெராவிலேயே பாப் பிளாண்டனின் குழுவோடு சேர்ந்து, எச்-2 தொகுதியில் தோல் ஒட்டுகளை நிராகரிக்கச் செய்யும் அதே இரு பகுதிகள்தாம் வைரஸை அறிவதற்கும் தேவை என்று காட்டினர்.

புதிர் அவிழ்ந்தது. திசுப் பொருத்தப் புரதங்கள் இருப்பது அயல் உறுப்புகளை விரட்டுவதற்காக அல்ல. தொற்றுக்குள்ளான நம் சொந்தச் செல்களை டி செல்களுக்குக் காட்டிக்கொடுப்பதே அவற்றின் வேலை. உறுப்பு நிராகரிப்பு அந்த வேலையின் பக்கவிளைவு.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயமும் இருக்கிறது. வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்தபின் ஆன்டிபாடியால் அதை எட்ட முடியாது. வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்ட திருடனைத் தெருவில் திரியும் காவலர் எப்படிப் பிடிப்பார்? வீடே வாசலில் ஓர் அடையாளத்தைக் காட்டவேண்டும். டி செல்கள் வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே போகின்றன. வெட்டவெளியில் திரியும் வைரஸ் அவற்றின் பொறுப்பு அல்ல.

இந்தத் திசையில் இவர்கள் தனியாகச் செல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ரோசந்தாலும் ஷெவாக்கும் 1973இலேயே, டி செல்கள் வேறொரு வகைச் செல்லோடு இணைந்து செயல்படத் திசுப் பொருத்தம் வேண்டும் என்று கண்டிருந்தனர். ஜீன் ஷியரர் 1974இல், வேதிப்பொருளால் மாற்றப்பட்ட செல்களை வைத்து ஏறக்குறைய இதே முடிவை எட்டினார். எனினும் ஓர் உயிருள்ள நோயை வைத்து, இதுதான் அந்தப் புரதங்களின் பொருள் என்று துணிந்து சொன்னவர்கள் கான்பெராக்காரர்களே.

*

விடை கிடைத்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. டி செல் வைரஸையும் திசுப் புரதத்தையும் இரண்டு தனித்தனி ஏற்பிகளால் பார்க்கிறதா? அல்லது வைரஸால் உருமாறிய தன்னுடைய புரதத்தை ஒரே ஏற்பியால் பார்க்கிறதா? டோஹர்ட்டியும் ஸிங்கர்நாகலும் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்ந்து, 'மாறிய தான்' என்ற தொடரை முன்வைத்தனர். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு இந்த விவாதம் ஓயவில்லை. ஏற்பியையே எவரும் கையில் பிடித்திராதபோது விவாதம் எப்படி ஓயும்?

1980களில்தான் வழி திறந்தது. ஜேம்ஸ் அலிசன், மராக்-கேப்ளர் தம்பதியர், ராய்ன்ஹெர்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏற்பிப் புரதத்தை அடையாளம் கண்டன. 1984இல் மார்க் டேவிஸ் எலியிலும் டாக் மாக் மனிதரிலும் அதன் மரபணுவைக் கண்டனர். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் ஓர் ஏற்பியின் மரபணுக்களை ஒரு டி செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது, இலக்கை அறியும் திறமும் திசு வகையை அறியும் திறமும் ஒன்றாகவே இடம்பெயர்ந்தன. ஆகவே ஏற்பி ஒன்றுதான்.

அது பார்க்கும் பொருள் என்ன? ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் டவுன்சென்ட் இன்ஃப்ளூயன்ஸா வைரஸை ஆராய்ந்தபோது, டி செல்கள் வைரஸின் உட்கருப் புரதத்தை அறிவதைக் கண்டார். இது முழுப் புரதமாகச் செல்லின் மேற்பரப்பில் வந்து நிற்பது அல்ல. பிறகு எப்படி? 1986இல் அவர் விடையைக் காட்டினார். புரதத்தின் சிறு துண்டை வேதியியல் முறையில் செய்து, தொற்றே இல்லாத செல்லின் மேல் விட்டால் போதும். டி செல் அந்தச் செல்லைக் கொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் எமில் உனானுவேயின் குழு, இத்தகைய துண்டுகள் திசுப் புரதத்தோடு நேரடியாக ஒட்டிக்கொள்வதைக் காட்டியிருந்தது.

1987இல் படமே கிடைத்தது. ஹார்வர்டில் டான் வைலி, ஜாக் ஸ்ட்ராமிங்கர் ஆகியோரின் ஆய்வகங்களில் பமீலா பியோர்க்மேன் பல ஆண்டுகள் உழைத்து மனிதத் திசுப் புரதம் ஒன்றின் படிக அமைப்பை வெளிக்கொணர்ந்தார். அதன் உச்சியில் ஒரு பள்ளம் இருந்தது. இரு பக்கமும் கரைகள், அடியில் ஒரு தளம். அப்பள்ளத்தில் புரதத்துக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒரு பொருள் படிந்திருந்தது. அது துண்டு. ஆட்களுக்கிடையே இப்புரதங்கள் வேறுபடும் இடங்களில் பெரும்பாலானவை அந்தப் பள்ளத்தைச் சுற்றியே அமைந்திருந்தன.

இனி கதை தெளிவு. ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டுதுண்டாக நறுக்குகிறது. எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகள் பள்ளத்தில் ஏந்தப்பட்டு மேற்பரப்புக்கு வருகின்றன. பெரும்பாலானவை நம் சொந்தத் துண்டுகள். டி செல் அவற்றைக் கடந்துபோகிறது. வைரஸின் துண்டு தென்பட்டால் நிற்கிறது. டி செல் வைரஸைப் பார்த்ததே இல்லை. தன் உடலின் கை ஏந்திக் காட்டும் உடைந்த துண்டை மட்டுமே அது பார்க்கிறது.

டி செல்லின் ஏற்பி, துண்டு, ஏந்திய புரதம் ஆகிய மூன்றும் சேர்ந்து நிற்கும் படங்கள் 1996இன் இலையுதிர் காலத்தில் வெளியாயின. அதே பருவத்தில் அக்டோபர் 7 அன்று டோஹர்ட்டிக்கும் ஸிங்கர்நாகலுக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இரண்டு பக்கக் கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள். இப்பரிசைப் பெற்ற முதல் கால்நடை மருத்துவர் டோஹர்ட்டி.

*

கான்பெராவில் இருவரும் சேர்ந்து வேலைசெய்தது ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே. 1975இல் டோஹர்ட்டி ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்திற்கும் ஸிங்கர்நாகல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திற்கும் சென்றனர். எது தன்னுடைய திசு என்பதை டி செல்கள் எங்கே கற்கின்றன என்ற கேள்வியை ஸிங்கர்நாகலும், தனியே மைக்கேல் பெவனும் தொடர்ந்தனர். தைமஸ் சுரப்பியே அந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்தது. தன் திசுப் புரதத்தை அறவே அறியாத செல் அங்கே மடிகிறது. அதைத் தாக்குமளவு வலுவாகப் பற்றும் செல்லும் மடிகிறது. நடுவில் நிற்கும் சிலவே உலகுக்கு அனுப்பப்படுகின்றன. தேர்ச்சியில் தவறு நேர்ந்தால், டி செல்கள் தன்னையே தாக்கும் நோய்கள் வருகின்றன.

டோஹர்ட்டி 1982இல் கான்பெராவுக்குத் திரும்பினார். 1988இல் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆய்வு மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே நுரையீரலைத் தாக்கும் வைரஸ்களை எடுத்துக்கொண்டு, தொற்று தீர்ந்தபின் டி செல்கள் அதை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கின்றன என்பதை ஆராய்ந்தார். ஒரு குறிப்பிட்ட துண்டை அறியும் டி செல்களைத் தனியே நிறமேற்றி எண்ணும் முறையை 1996இல் மார்க் டேவிஸின் குழு கண்டபோது, அதைக் கையிலெடுத்து இன்ஃப்ளூயன்ஸாவில் பயன்படுத்திய முன்னோடிகளில் டோஹர்ட்டியின் ஆய்வகமும் ஒன்று. 2002 முதல் மெல்பர்ன். பொதுவாசகர்களுக்காக நூல்கள் எழுதத் தொடங்கினார். பறவைகளின் நோய்கள் பற்றியும், பெருந்தொற்றுகள் பற்றியும், அறிவியலை மறுப்போர் பற்றியும் எழுதினார்.

அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 2014இல் மெல்பர்னில் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில், கோவிட் வைரஸைச் சீனாவுக்கு வெளியே முதலில் வளர்த்துப் பிறருடன் பகிர்ந்துகொண்டது அந்நிறுவனம். அந்த ஏப்ரலில், மதுக்கடை திறந்திருக்கும் நேரத்தைத் தேட நினைத்து, தேடுசொல்லைத் தவறுதலாக ட்விட்டரில் பதிந்துவிட்டார் டோஹர்ட்டி. ஊரடங்கில் இருந்த ஆஸ்திரேலியா சிரித்தது. பிறகு வந்த ஒமிக்ரான் பல ஆன்டிபாடிகளின் பிடியிலிருந்து நழுவியபோதும், டி செல்களின் பிடி பெருமளவு தளரவில்லை. டி செல்கள் வைரஸின் பல பகுதிகளிலிருந்து வரும் துண்டுகளை அறிவதால், ஓரிடத்து மாற்றம் அவற்றை முழுதாக ஏமாற்ற முடிவதில்லை.

*

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதிப்பது 1975இல் இவ்விருவரும் எழுதிய ஒரு கருத்து. ஆளுக்கு ஆள் திசுப் புரதங்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு அவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு வகைப் புரதமும் வேறு வேறு துண்டுகளை ஏந்தக்கூடியது என்று இன்று நமக்குத் தெரியும். எல்லோரும் ஒரே வகையாக இருந்தால், அந்த ஒரு வகையிலிருந்து தப்பத் தெரிந்த வைரஸ் எல்லோரையும் கொன்றுவிடும். வேறுபாடு இருப்பதால் சிலராவது பிழைப்பர். இரு பெற்றோரிடமிருந்தும் வேறு வேறு வகையைப் பெற்றவர்களுக்குக் காவல் கூடுதல்.

ஆனால் எந்த வகையும் குறையற்றதல்ல. எச்.எல்.ஏ.-பி27 என்ற வகையைக் கொண்டவர்களில் எச்.ஐ.வி. பெரும்பாலும் மெதுவாகவே முன்னேறுகிறது. அதே வகை உடையவர்களுக்கு முதுகெலும்பை இறுக்கும் அழற்சி நோய் வரும் வாய்ப்பும் மிகுதி. ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கையால் வாங்கிக்கொள்ளும் வரம் இது. கண்ணில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய்க்காக 2022இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து, டி செல் ஏற்பியின் வடிவிலேயே செய்யப்பட்டது. எச்.எல்.ஏ.-ஏ2 வகையில் ஒரு குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமே அது பயன்படும். மருந்தும் முதலில் நம் செல் எதை ஏந்துகிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது.

சிறுநீரகம் வேண்டிக் காத்திருக்கும் ஒருவருக்கு, தம் உடலுக்குப் பொருந்தும் இன்னொருவர் கிடைக்காதது பெருந்துயரம். அந்தத் துயரத்துக்குக் காரணமான அதே வேறுபாடுதான், வந்துபோன கொள்ளைநோய்கள் எல்லாவற்றிலும் அவருடைய முன்னோரில் சிலரையேனும் காப்பாற்றி, அவரை இங்கே பிறக்கவைத்தது. இவ்விரண்டையும் ஒரே உண்மையின் இரு பக்கங்களாகப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தவை, மூளையழற்சியால் மாண்ட சில எலிகளும் ஒரு நெருக்கடியான அறையும். அந்த அறையில் இருந்த எவரும் புற்றுநோய் மருந்தையோ உறுப்பு மாற்றத்தையோ குறிவைத்து வேலைசெய்யவில்லை. எலி ஏன் சாகிறது என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.